கணக்கில் சேராத இரண்டு வேட்டுகள்

முதலில் சத்தம் தலைக்கு மேலே வெடிக்கும். அதற்குப் பிறகுதான் தூரத்திலிருந்து துவக்கின் ‘டும்’ வந்து சேரும். துவக்கிலிருந்து பாய்கிற ரவை சத்தத்தைவிட வேகமாகப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை, நாற்பத்துநாலு வயதில் ஒரு கொங்கிறீற் குழிக்குள் நின்றுகொண்டுதான் நான் நம்பினேன்.

அன்று காலை அந்தக் குழிக்குள் என் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு இருந்தது. நடுவில் ஒரு முள். அறுநூறு மீற்றருக்கு அப்பால் என் சிநேகிதி நஸ்ரின் பாயில் குப்புறப் படுத்து எங்கள் இலக்கைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு தூரத்தில் சுடுகிறவருக்குத் தன் ரவை தாளில் எங்கே பட்டது என்று தெரியாது. அதனால்தான் இலக்குகளுக்குக் கீழே நீளமாகக் குழி வெட்டி, சுவர் கட்டி, உள்ளே ஆட்களை நிறுத்துகிறார்கள். ஒரு வேட்டு விழுந்ததும் குழிக்காரர் கயிற்றை இழுத்து இலக்கை இறக்குவார். ரவை போன ஓட்டையைத் தேடி அதில் தகட்டின் முள்ளைச் செருகி, பழைய ஓட்டையைத் தாள் துண்டால் ஒட்டி, மறுபடியும் ஏற்றுவார். சுடுகிறவர் தொலைநோக்கியில் தகட்டைப் பார்த்துத் தன் குறியைத் திருத்திக்கொள்வார். சுட வருகிற எல்லாரும் முறை வைத்துக் குழிக்குள்ளும் நிற்கவேண்டும். கர்னலுக்கும் அதுதான், கப்பல் கம்பனி கிளார்க்கான எனக்கும் அதுதான்.

நான் கயிற்றை இழுத்தேன். இலக்கு இறங்கியது. நஸ்ரினின் முதல் ரவை நடுவிலிருந்து மூன்று சாண் வலப்பக்கம் விலகி, கடைசி வளையத்தின் ஓரமாகப் போயிருந்தது.

முள்ளை அந்த ஓட்டையில் செருக இரண்டு விநாடி போதும். நான் செருகவில்லை.

நுகேகொடைக் கடிதம்

இந்தக் கதையை நான் எழுதுவதாக இருக்கவில்லை. இந்தத் தொடரில் என் வீரப் பிரதாபங்களை மட்டும் எழுதி நல்ல பெயரோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன கிழமை நுகேகொடையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் அதைக் கெடுத்துவிட்டது.

வங்கியில் வேலை செய்கிறாராம். என் முந்தைய அத்தியாயங்களைப் படித்துவிட்டுத் தூரச் சுடுதல் பழகப் போனாராம். மூன்று மாதமாக ஒரு ஞாயிறும் தவறவில்லையாம். ‘என் ரவைகளில் பாதி தாளிலேயே படுவதில்லை. ஆனால் எல்லாரும் நல்லாச் செய்றீங்க, நல்லாச் செய்றீங்க என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. விடாதீர்கள். மூன்று மாதத்தில் பாதி ரவை தாளில் பட்டால் அது என்னுடைய மூன்றாவது மாதத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த ‘நல்லாச் செய்றீங்க’ கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு காலம் இருந்தேன்.

பலூனும் அம்மாவும்

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. எங்கள் கோயில் திருநாளுக்குத் தெருவில் பலூன் சுடும் கடை போடுவார்கள். சின்ன வயதில் அண்ணன்மார் சுடுவார்கள், நான் அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன துவக்கு என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகு ஒரு திருநாளுக்குப் போனேன். ஏதோ ஒரு குறும்பில் அந்தக் காற்றுத் துவக்கை வாங்கினேன். பத்தில் எட்டுப் பலூன் உடைந்தது. கடைக்காரர் சிங்களத்தில், நோனா இனிப் பக்கத்துக் கடைக்குப் போய் வளையம் எறியுங்கள் என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எட்டு உடைத்த சந்தோஷத்தைவிட இரண்டு ஏன் தவறியது என்பதுதான் மண்டையைக் குடைந்தது.

அலுவலகத்தில் ஒரு சிநேகிதியின் புருஷன் மூலம் ஒரு சுடுதல் கழகத்தைப் பற்றி அறிந்தேன். விண்ணப்பம், பொலிஸ் அறிக்கை, வைத்தியச் சான்றிதழ் என்று ஒரு வருடம் இழுத்தது. துவக்குகள் கழகத்தினுடையவை, பூட்டி வைத்திருப்பார்கள். பயிற்சி கொழும்புக்கு வெளியே, இராணுவத்தின் மைதானமொன்றில்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். “எத்தனை வருஷம் அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு சந்திக்குச் சந்தி இறங்கி நிண்டனாங்கள். இப்ப நீயாப் போய் துவக்கைத் தூக்கப் போறியோ?” என்றார்.

அம்மாவின் பயத்தில் பிழையில்லை. சோதனைச் சாவடியில் பிடிபடுமோ என்று மாம்பழம் வெட்டும் கத்தியைக்கூடக் கைப்பையில் வைத்திருக்கப் பயந்த யுத்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. முதல் நாள் அந்த வாசலில் நின்ற சிப்பாய் என் பெயரை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இப்போது அதே சிப்பாய் என்னைக் கண்டால், அக்கே, இன்றைக்குக் காற்று மோசம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். ஆனாலும் அந்த முதல் நாள் வியர்வையை நான் மறக்கவில்லை. அவ்வளவையும் தாண்டி வந்தவள் ரவை தாளில் படவில்லை என்பதற்காகத் திரும்பிப் போவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அடுத்தவர் இலக்கு

நஸ்ரினும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். இருபது ஆண்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். ஒரு பாயைத் தந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். பாயோடு சிநேகிதமும் வந்தது.

அவளுக்கு வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு பார்மசி இருக்கிறது. வீடு தெமட்டகொடையில். என்னைவிட ஐந்து வயது இளையவள். மருந்துத் துண்டில் டொக்டர் கிறுக்கியதை வாசிக்கிற கண் அவளுக்கு. ஒவ்வொரு வேட்டையும் ஒரு நோட்டில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வாள். காற்றைக் காட்ட மைதானத்தில் நட்டிருக்கும் கொடி அன்று எந்தப் பக்கம் பறந்தது என்பதையும் எழுதுவாள்.

எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் காமினி அய்யே, அதாவது காமினி அண்ணன், முன்னாள் இராணுவக்காரர். அவர் வாயில் வருகிற பாதி வார்த்தை ‘ஹுளங்க பலன்ன’, காற்றைப் பார். மற்றப் பாதியை இங்கே எழுத முடியாது.

காற்றைப் பார்க்க நான் வீட்டிலேயே பழகினேன். எங்கள் பிளாட்டின் பல்கனியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, துவக்குக்குப் பதிலாகத் துடைப்பான் கட்டையைத் தோளில் அணைத்துக்கொள்வேன். எதிர் பிளாட் கொடியில் காயும் சாரம் எவ்வளவு எழும்புகிறது, ரெயில் பாதைக்கு மேலே கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். சாரத்தின் சொந்தக்காரர் ஒரு கிழமைக்குப் பிறகு கொடியை வீட்டின் பின்பக்கம் மாற்றிவிட்டார்.

இவ்வளவு பழகியும் மூன்றாவது மாதத்தில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பயிற்சிப் போட்டியில் ஐந்து வேட்டையும் பக்கத்திலிருந்தவரின் இலக்கில் சுட்டேன். வரிசையாக நிற்கிற இலக்குகளில் என்னுடையது பதினொன்று. நான் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் கணக்கில் ஐந்து சைபர். பன்னிரண்டாம் இலக்குக்காரர் எழும்பி வந்து மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார்.

அதன் பிறகு இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். மூன்றாவது சனிக்கிழமை நஸ்ரின் ஒரு பை நிறைய, மீன் வைத்த மாலு பணிஸோடு வந்து கதவைத் தட்டினாள். மருந்துக்கடைக்காரியிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னால் எடுபடுமா?

“அஞ்சும் நடுவுலதானே பட்டிச்சி அக்கா, இலக்குத்தான் மாறிப்போச்சி,” என்றாள். “சுடத் தெரியாட்டி அழலாம். இது நம்பர் பலகையப் பாக்கத் தெரியாத பிழை. நாளைக்கி வாங்க, மொதல்ல நம்பரப் பாருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த நாள் போனேன். முதலில் நம்பரைப் பார்த்தேன். இன்றுவரை அதைப் பார்க்காமல் விசையில் விரல் வைத்ததில்லை. அவள் என்னை ஒரு சொல்லும் புகழவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பின்னால் வந்த வம்பு வந்திராது.

ஒரு சாண், ஒன்றரைச் சாண்

சேர்ந்து ஒரு வருடம் முடிகிறபோது கழகத்தில் ஒரு தேர்வு வரும். தூரச் சுடுதலுக்கான துவக்குகள் குறைவு. ஆறு பேருக்குத்தான் அடுத்த வருடம் இடம். பத்து வேட்டு, ஒன்றுக்கு அதிகபட்சம் ஐந்து புள்ளி, ஐம்பதுக்குக் குறைந்தது முப்பத்தெட்டு எடுக்க வேண்டும். நான் என் முறையில் நாற்பது எடுத்துத் தப்பிவிட்டேன்.

நஸ்ரினின் முறை அடுத்ததாக இருந்தது. அன்று விடியப் போகும்போது கழகத்து வான் வண்டிக்குள்ளேயே அவள் சொல்லியிருந்தாள். “இண்டைக்கி புள்ளி வரல்லண்டா நான் விட்டுடுவன் அக்கா. வீட்ல ஒரு வருஷமெண்டுதான் சொன்ன. அந்த வருஷம் முடிஞ்சி.”

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அவளுடைய கணவர் பார்த்துக்கொண்டார். முகம் சுளிக்காத மனிதர்தான். ஆனால் அவளுடைய நானாமார் இரண்டு பேர், ஒவ்வொரு பெருநாளுக்கும் கூடியிருந்து, எங்கட தங்கச்சி எப்ப யுத்தத்துக்குப் போற என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு என்னிடம் வந்து பல்லைக் கடிப்பாள்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் குழிக்குள் நின்றேன். மூன்று சாண் விலகிய ஓட்டையைப் பார்த்தேன். என்னோடு நின்ற சிப்பாய் பக்கத்து இலக்கின் அறுந்த கயிற்றுக்கு முடிச்சுப் போடப் போயிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பத்து வேட்டுக்கு முன்னால் இரண்டு சோதனை வேட்டு உண்டு. அவை கணக்கில் சேராது. காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்ளத்தான் அந்த இரண்டும்.

கணக்கில் சேராத வேட்டுத்தானே என்று நான் நினைத்தேன். இதைக் கண்டால் பயந்துவிடுவாள், பயந்தால் கை ஆடும், கை ஆடினால் எல்லாம் போகும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் தைரியம் வரும். புள்ளி ஒன்றும் கூடப் போவதில்லை, ஆகவே இது களவும் இல்லை. இப்படி நான்கு நியாயம் இரண்டு விநாடிக்குள் எனக்குக் கிடைத்தது.

நடுவிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, நல்ல தாளில் புதிதாக ஒரு ஓட்டை குத்தி, அங்கே தகட்டை வைத்தேன். உண்மையான ஓட்டையின் மேல் பசை தடவிய தாள் துண்டை ஒட்டினேன். இலக்கை ஏற்றினேன்.

நஸ்ரின் தகட்டைப் பார்த்து ஒன்றரைச் சாணுக்கான திருத்தம் செய்தாள். அவள் கணக்கில் பிழையே இல்லை. இரண்டாவது சோதனை வேட்டு, அதே அளவு மிச்சமாக, ஒன்றரைச் சாண் வலத்தே வந்து விழுந்தது. இதை உள்ளபடி காட்டினால், திருத்தியும் ஏன் நகரவில்லை என்று அவள் யோசிப்பாள்; இதையும் மறைத்தால்தான் முதல் பொய் நிற்கும். நடுவை ஒட்டினாற்போல் இன்னொரு ஓட்டை குத்தினேன்.

பிறகு கணக்குக்கான வேட்டுகள் தொடங்கின. காற்றும் சற்றுக் கூடியது. முதலாவது, இரண்டு சாண் வலம். மூன்று புள்ளி. அதில் நான் ஒரு நூலும் பிசகாமல் தகட்டை வைத்தேன். கணக்கில் சேருகிற இடத்தில் நேர்மையாம்!

அவள் அடுத்ததில் திருத்திவிடுவாள் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை. இரண்டாவதும் அதே இடம். மூன்றாவதும், நான்காவதும் அதே இடம். சோதனை வேட்டு இரண்டும் நடுவுக்குக் கிட்ட வந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கொடிகளும் பெரிதாக மாறவில்லை. ஆகவே பிழை காற்றில் இல்லை, தன் விரலில் என்று முடிவு கட்டிவிட்டாள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். குற்றத்தைச் சுமத்த முதலில் அகப்படுகிற ஆள் அவர்களே.

ஐந்தாவதில்தான் பயந்து பயந்து குறியைத் திருப்பினாள். அதிலிருந்து கடைசிவரை ஆறும் நான்கு நான்காக வந்தன. மொத்தம் முப்பத்தாறு.

குழிக்குள் ஒரு வோக்கி டோக்கி தொங்கியது. அதை எடுத்து, அய்யே, நான் தகட்டைப் பிழையாக வைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் எடுக்கவில்லை. கத்தோலிக்கச்சி என்றாலும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எனக்கும் பொருந்தும். குரங்காய் முடிந்ததை மறைத்தது அதைவிடக் கேவலம்.

நோட்டுப் புத்தகம்

திரும்பி வரும்போது வானுக்குள் அவள் தன் வலக்கைச் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். “விரல்தான் அக்கா. இழுக்கக்குள்ள ஆடுது போல,” என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மூன்று கிழமை போயிற்று. அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. வேறு பார்மசிக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவுக்கு வந்துவிட்டேன். கடைசியில் அங்கேதான் போனேன்.

என்னைக் கண்டதும் நஸ்ரின் கவுண்டருக்குக் கீழேயிருந்து அந்த நோட்டை எடுத்தாள். தேர்வு நாள் பக்கம் மடிந்து மடிந்து கசங்கியிருந்தது. “இதைக் கொஞ்சம் பாருங்க அக்கா. சோதனை ரெண்டும் உள்ள. அடுத்த நாலும் ஒரே எடத்துல வெளிய. விரல் ஆடினா அங்கயும் இங்கயும்தானே போகணும்? இது எப்பிடி நடக்கும்? நானும் எத்தனையோ விதமாப் பாத்துட்டன்.”

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையிலேயே என்னிடம் விடை கேட்டாள்.

நான் சொன்னேன். இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டேன். மூன்றாவது வசனமாக ஏன் செய்தேன் என்று தொடங்கினேன். அதற்குள் ஒருவர் வந்து சிங்களத்தில் இருமல் மருந்து கேட்டார். அவள் அவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்து, எத்தனை கரண்டி என்று பொறுமையாக விளங்கப்படுத்தி, அவர் படியிறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூணு கிழமையா இந்த விரலத் திட்டின அக்கா,” என்றாள் பிறகு.

“நீர் பயந்திடுவீர் எண்டு நினைச்சு…”

“நான் பயந்தா பயப்புடுறன். அது என்ட பயம். எங்க பட்டிச்செண்டு காட்டத்தானே ஒங்கள அங்க நிப்பாட்டின? பாவம் பாக்கவா நிப்பாட்டின?”

அவள் அம்மாவின் குளிசையை எண்ணிப் பையில் போட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதித் தந்தாள். எழுத்து நன்றாக அழுத்தமாக விழுந்திருந்தது.

பசைத் தகரம்

அடுத்த ஞாயிறு காமினி அய்யேயிடம் போய் முழுவதையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. இரக்கம் இருந்தால் சுட்டு முடிந்த பிறகு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடு, குழிக்குள் இரக்கப்படாதே என்றார். என் இடத்தை நஸ்ரினுக்குக் கொடுக்கிறேன் என்றதற்கு, இதென்ன பஸ்ஸா, எழும்பி இடம் கொடுக்க என்று கேட்டார். புள்ளி புள்ளிதான், மாற்ற முடியாது. எனக்கு மூன்று மாதம் துவக்கு இல்லை. குழியில் மட்டும் நிற்கலாம், அதுவும் இன்னொருவர் பார்த்துக்கொண்டு நிற்க.

அன்றும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதுதான் எனக்கு ரோசத்தை உண்டாக்கியது. ஒரு பிழையைச் செய்துவிட்டுப் போகிறவளாக என்னை அவர்கள் ஞாபகம் வைத்திருப்பதா? பசைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

கோதுமை மாப் பசை புளித்தால் என்ன மணம் மணக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். ரவை பின்னாலிருக்கும் மண்மேட்டில் புதையும்போது கொட்டுகிற மண் கழுத்துக்குள் போனால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். ஞாயிறு தவறாமல் மற்றவர்களின் ஓட்டைகளை ஒட்டினேன். மூன்று மாதம் நான் ஒரு வேட்டும் சுடவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் பழகியதைவிட அப்போதுதான் கூடப் பழகினேன்.

ஐந்தாவது ஞாயிறு வான் வந்து நிற்கிற இடத்துக்குப் போனால், நஸ்ரின் நிற்கிறாள். கையில் நோட்டு. இடம் கிடைக்காதவர்களும் குழி வேலைக்கு வரலாம், இடம் காலியானால் மறுபடி தேர்வில் சுடலாம் என்று ஒரு விதி இருந்தது. அவள் அதைத் தேடி வாசித்திருக்கிறாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருக்கவுமில்லை. பாதி வழியில், முன் சீற்றிலிருந்து திரும்பி அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். “அந்த நாலையும் ஒரு கையால மூடலாம் அக்கா. விரல் ஆடினவளுக்கு அப்பிடி விழாது. என்ட விரல்ல பிழை இல்லண்டு தெரிஞ்ச பொறகு நான் ஏன் விடணும்?”

நுகேகொடைத் தம்பி, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். உங்கள் நண்பர்கள் நல்லாச் செய்றீங்க என்று சொல்வதை விட்டுவிட்டு, எங்கே பட்டது என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் ரவைகள் நாலா பக்கமும் சிதறுகிறதா, ஒரே பக்கம் கூடுகிறதா என்று பாருங்கள். சிதறினால் கையைப் பழக்கலாம். கூடினால் காற்றைப் படிக்கலாம். இரண்டுக்கும் வழியிருக்கிறது. எங்கே படுகிறது என்று தெரியாமல் இருப்பதற்கு மட்டும்தான் வழியில்லை. ஒரு நோட்டு வாங்குங்கள். இன்னும் ஒரு வருடம் போங்கள்.

மறுபடியும் அதே குழி

ஆறு பேரில் ஒருவர் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போனார். ஓர் இடம் காலியானது. மூன்று பேர் அதற்குப் போட்டி போட்டார்கள், நஸ்ரினும் ஒருத்தி. என் மூன்று மாதத் தண்டனை முடிகிற ஞாயிறும் அதுதான்.

யார் எந்த இலக்குக்கு நிற்பது என்று காமினி அய்யே பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் கையை உயர்த்தி, தன் இலக்குக்கு ஸ்டெல்லா அக்கா நிற்கட்டும் என்று என்னைக் காட்டினாள். அவர் தலையைச் சொறிந்தார். நான் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், வேண்டாம், வேறு ஆளைக் கேளும், எனக்குப் பயமாயிருக்கு என்றேன்.

“வேற ஆள் நிண்டா இடம் கெடச்சாலும் ஒங்கள்ல எனக்கு நம்பிக்கை திரும்பி வராது,” என்றாள். “எனக்கு ரெண்டும் வேணும்.”

குழிக்குள் இறங்கினேன். புதுத் தாள் ஒட்டிய இலக்கு. அன்று கொடிகள் விறைத்துப் பறந்தன. தலைக்கு மேலே வெடித்தது. தூரத்து ‘டும்’ வந்தது. கயிற்றை இழுத்தேன்.

நான்கு சாண். போன முறையைவிட மோசம். இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் தாளுக்கு வெளியே.

பக்கத்தில் நின்ற சிப்பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கண்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய நானாமார் சிரிக்கும் சிரிப்பும் காதில் கேட்டது. கடவுளே என்று சொல்லிக்கொண்டு, முள்ளை அந்த ஓட்டையில், அந்த ஓட்டையிலேயே செருகினேன். இலக்கை ஏற்றினேன்.

குழிக்குள்ளிருந்து சுடுகிறவரின் முகம் தெரியாது. ஆகாயமும் கொடியின் நுனியும்தான் தெரியும். அவள் நெடுநேரம் எடுத்தாள். எழும்பிப் போய்விட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

வெடித்தது. இழுத்தேன். நடுவிலிருந்து அரைச் சாண் கீழே. அங்கேயே தகட்டை வைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து. இரண்டு மூன்று தரம் காற்று அவளை ஏமாற்றியது. அந்த அசிங்கங்களையும் பட்ட இடத்திலேயே காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அடுத்தது உள்ளே வந்தது. மொத்தம் நாற்பத்தொன்று என்று வோக்கி டோக்கியில் சொன்னார்கள். மற்ற இருவரும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. நான் பசைத் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சுட்டு முடிந்ததும் எல்லாரும் அங்கேயே நின்று கைகொடுப்பார்கள். நஸ்ரின் அப்படி நிற்கவில்லை. அறுநூறு மீற்றரும் வெயிலில் நடந்து குழிக்கு வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கையில் நோட்டு. இலக்குக்கு முன்னால் நின்று முதல் சோதனை வேட்டின் ஓட்டையை ஒட்டிய துண்டைத் தேடிப் பிடித்து, நகத்தால் உரித்தாள்.

உள்ளே ரவை போன ஓட்டை வட்டமாக இருந்தது. நடுவிலிருந்து அதுவரை சாண் போட்டு அளந்தாள். நான்கு. நோட்டைத் திறந்து பார்த்தாள். அவள் வைத்த புள்ளியும் அதே பக்கத்தில், அதே தூரத்தில் இருந்தது.

“சரி,” என்றாள்.

என் கையிலிருந்த பசைத் தூரிகையை வாங்கி அந்த ஓட்டையை அவளே திரும்பவும் ஒட்டினாள். பிறகு வட்டத் தகட்டை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தாள்.

“ஒங்கட மூணு மாசம் முடிஞ்சிதானே அக்கா? போய்ப் பாயில படுங்க. மொதல்ல நம்பரப் பாருங்க. எங்க பட்டாலும் நான் காட்டுவன்.”